கண்ணை ஆட்டத் தெரிந்தவர்கள்

காதை ஆட்டுபவர்கள், நாக்கைச் சுருட்டுபவர்கள், கட்டை விரலை வளைத்து முன்கையைத் தொடுபவர்கள் என்று எல்லா வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களைவிடக் கொஞ்சம் அரிதான ஓர் ஆள் உண்டு. உங்களை நேராகப் பார்த்துக்கொண்டே இருப்பார். திடீரென்று இரண்டு விழிகளும் இடமும் வலமுமாகக் கிடுகிடுவென்று நடுங்கும். சில நொடிகளில் நின்றுவிடும். அவர் சிரிப்பார், பார்த்தவர் பதறிப்போயிருப்பார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை எனக்கு. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் கூட்டம் அதிகம். அந்தக் கூட்டத்தில் எப்போதாவது ஓர் அம்மா பையனை இழுத்துக்கொண்டு வருவார். "சார், இவன் கண்ண என்னமோ பண்றான் சார், பாத்தாலே பயமா இருக்கு. டேய், சாருக்குச் செஞ்சு காட்டுடா." பையன் செய்து காட்டுவான். நிறுத்து என்றால் நிறுத்துவான். இன்னொரு தடவை என்றால் மறுபடியும் செய்வான். விஷயத்தில் பாதி அங்கேயே தெளிந்துவிடும். மீதிப் பாதி புரியக் கண் எப்படி நகர்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். ஆணுக்கு வலது கண் துடித்தால் நல்லது, பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்று வீட்டில் சொல்வார்களே, அது வேறு. அங்கே துடிப்பது இமை. தூக்கம் குறைந்தாலும் காபி அதிகமானாலும் இமைத் தசை தானாகத் துடிக்கும், பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். நாம் இங்கே பேசுவது இமைக்கு உள்ளே இருக்கும் விழியே ஆடுவதைப் பற்றி. மருத்துவர்கள் இதை வாலண்டரி நிஸ்டாக்மஸ் என்று எழுதுவார்கள். நான் விருப்ப ஆட்டம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா, உங்கள் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஒரு தாவல், நொடியில் நான்கில் ஒரு பங்கு நேரம் போல ஒரு நிற்றல், மறுபடி ஒரு தாவல். விழித்திருக்கும் நேரமெல்லாம் நொடிக்குச் சுமார் மூன்று தடவை இப்படி நடக்கிறது. இந்தத் தாவலுக்கு சக்கேட் என்று பெயர். உடம்பில் நடக்கும் அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் இது ஒன்று. பெரிய தாவலின்போது விழி நொடிக்கு 700 டிகிரி வேகம்வரை எட்டும். வரியில் ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்குத் தாவ நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதும்.

தாவும் நேரத்தில் நமக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக் கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள், மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உங்கள் கண் நகர்வதை உங்களால் ஒரு முறைகூடப் பிடிக்க முடியாது. பக்கத்தில் நிற்கும் தங்கைக்கு அது பளிச்சென்று தெரியும். எர்ட்மன், டாட்ஜ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1898இலேயே இதை எழுதிவைத்தார்கள். தாவும்போது விழித்திரையில் விழும் கலங்கலை மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இதே சோதனையை போனின் செல்ஃபி கேமராவில் செய்துபாருங்கள். திரையில் படம் ஒரு துளி தாமதமாக வருவதால், உங்கள் கண் போய்ச் சேர்ந்த பிறகு அது நகர்ந்த காட்சி வரும். கண்ணாடி காட்ட மறுத்ததை போன் காட்டிவிடும்.

சரி, விழியை இழுப்பது யார்? ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் ஆறு தசைகள் உண்டு. இடம் வலம் திருப்புவதற்கு அதில் முக்கியமானவை இரண்டு: மூக்குப் பக்கம் ஒன்று, காதுப் பக்கம் ஒன்று. வலது பக்கம் பார்க்க வேண்டுமானால் வலது கண்ணின் வெளித்தசையும் இடது கண்ணின் உள்தசையும் ஒரே கணத்தில் இழுக்க வேண்டும். அந்த உத்தரவு மூளைத்தண்டிலிருந்து வருகிறது. அங்கே இரண்டு வகை நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒரு வகை, தாவலுக்கான உத்தரவைப் படபடவென்று கொடுப்பவை. அவை உச்சத்தில் நொடிக்கு ஆயிரம் துடிப்புகள்வரை போகும். இன்னொரு வகை, அவற்றை அடக்கிவைத்திருப்பவை. நாம் ஓர் இடத்தை நிலைகுத்திப் பார்க்கும்போது அடக்குபவை இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருக்கும். தாவ வேண்டிய கணத்தில் மட்டும் அவை சற்று மௌனமாகும். உடனே மற்றவை வெடித்துக் கிளம்பும். கண் இலக்கை அடைந்ததும் அடக்குபவை மறுபடி பிடியை இறுக்கிக்கொள்ளும். இந்தப் பிடிதான் இரண்டு தாவல்களுக்கு நடுவே வரும் நிற்றல்.

விருப்ப ஆட்டத்தில் இந்த நிற்றல் காணாமல் போகிறது. ஒரு தாவல் முடிகிற இடத்திலேயே எதிர்ப்பக்கத் தாவல் தொடங்குகிறது, அது முடிகிற இடத்தில் இன்னொன்று. இடைவெளியே கிடையாது. பெரும்பாலும் நொடிக்கு 10 முதல் 25 சுற்றுகள்வரை போகும் (ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தால் ஒரு சுற்று). விழி நகரும் தூரம் சில டிகிரிதான். ஆனால் அந்த வேகத்தில் பார்ப்பவருக்கு நடுக்கம்போலத் தெரியும்.

இரண்டு கட்டை விரல்களையும் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் நீட்டிப் பிடித்து, பார்வையை அதற்கும் இதற்கும் முடிந்த மட்டும் வேகமாக மாற்றிப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் நொடிக்குச் சில தடவைக்கு மேல் போகாது. புதுச்சேரியில் பரதநாட்டிய வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் பிரலோகிதம் என்று ஒரு பார்வை பயில்வார்கள். தலை அசையாமல், கண் மட்டும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் வரும். வருடக்கணக்கில் பழகிய ஆசிரியர் செய்தாலும், இரண்டு கோடியிலும் கண் ஒரு கணம் தங்கித்தான் திரும்பும். அழகே அந்தத் தங்கலில்தான் இருக்கிறது. அப்படியானால் எந்தப் பயிற்சியும் இல்லாத ஆறாம் வகுப்புப் பையன் நொடிக்கு இருபது தடவை எப்படி ஆட்டுகிறான்?

அவன் ஒவ்வோர் ஆட்டத்தையும் தனித்தனியாக ஆட்டவில்லை. இடப்பக்கத் தாவலுக்கு உத்தரவிடும் செல்களும் வலப்பக்கத் தாவலுக்கு உத்தரவிடும் செல்களும் ஒன்றையொன்று அடக்கப் பார்ப்பவை. அடக்குதல் விலகியதும் துள்ளி எழுவது அவற்றின் குணம். நடுவில் இருக்கும் பொதுப் பிடி தளர்ந்துவிட்டால், இடம் வலத்தை அடக்கும், வலம் துள்ளி எழுந்து இடத்தை அடக்கும், இடம் மறுபடி துள்ளும். யாரும் ஆட்டாமலே அது ஆடும். நிலத்தில் மோட்டார் சுவிட்சைப் போடுவது நாம், சுற்றுவது மோட்டார். அதே கதைதான். விருப்பம் என்பது ஆரம்பிப்பதிலும் நிறுத்துவதிலும் மட்டுமே இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்டால் செய்பவர்களுக்கே சொல்லத் தெரியாது. "எப்படிப்பா பண்ற?" என்றால் "தெரியல சார், இறுக்கினா வருது" என்பான். ஆனால் கவனித்துப் பார்த்தால் ஒரு பொது வழி தென்படும். பலர் முதலில் மூக்கு நுனியைப் பார்ப்பதுபோல இரண்டு கண்களையும் லேசாக உள்ளே குவிக்கிறார்கள். கண்ணைக் குவிக்கும்போதும் இமைக்கும்போதும் அந்த அடக்கும் செல்களின் பிடி தளர்கிறது என்பதோடு இது பொருந்திப்போகிறது. அப்புறம் நெற்றி இறுகும், இமை படபடக்கும், பாவை சுருங்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில நொடிகளில் களைத்துவிடும். அரை நிமிடத்தைத் தாண்டி யாராவது தொடர்ந்து ஆட்டினால் நான் சந்தேகப்படத் தொடங்குவேன். ஆட்டம் அநேகமாக இடவலமாகத்தான் இருக்கும். மேலும் கீழுமாக ஆட்டுபவர்கள் மிகக் குறைவு. இரண்டு கண்களும் சேர்ந்தே ஆடும்.

ஆடும்போது அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? உலகமே நடுங்குகிறது, எழுத்து இரண்டாகத் தெரிகிறது அல்லது கலங்குகிறது. ஒற்றைத் தாவலை மறைத்துவிடும் மூளையால் இந்த ஓயாத ஆட்டத்தை மறைக்க முடிவதில்லை. இதனால் கண் கெட்டுப்போகும் என்று பயப்படத் தேவையில்லை. கொஞ்சம் கண் வலி, தலைபாரம் வரலாம், அவ்வளவுதான். சைக்கிள் ஓட்டும்போது மட்டும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைப்பேன், அந்த நொடிகளில் எதிரே வருவது சரியாகத் தெரியாது.

எத்தனை பேருக்கு இது வரும்? 1978இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கல்லூரி வயதினரில் 8 சதவீதம் பேர் செய்து காட்டினார்கள். அவர்களில் பலருக்கு உறவினர்களிலும் ஒருவருக்கு இது வந்தது. அந்தப் பையனின் அம்மாவிடம் விசாரித்தால், "அவங்க மாமாவும் சின்ன வயசுல இப்படித்தான் பண்ணுவாரு" என்று வருவது ஆச்சரியம் இல்லை. பழகினால் வருமா என்று கேட்பவர்களும் உண்டு. முயன்று வரவழைத்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வந்து என்ன செய்யப்போகிறோம் என்பது என் எண்ணம்.

இனி உண்மையான நிஸ்டாக்மஸ். அது உங்களுக்கும் எனக்கும் தினமும் வருகிறது. புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பவரின் கண்ணைக் கவனியுங்கள் (தெரிந்தவராக இருந்தால் நல்லது, இல்லையென்றால் வம்பு). அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி வண்டி வேகம் எடுத்ததும், மரங்களும் மின்கம்பங்களும் பின்னால் ஓடும். அவர் கண் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அதன் கூடவே போகும். கம்பம் கையை விட்டுப் போனதும் வெடுக்கென்று முன்னால் தாவி அடுத்ததைப் பிடிக்கும். மெதுவாக ஒரு பக்கம், வெடுக்கென்று மறுபக்கம், மறுபடி மெதுவாக. அவருக்கே இது தெரியாது. ராட்டினத்தில் சுற்றி இறங்கியவுடன் உலகம் சுற்றுகிறதே, அப்போதும் கண்ணில் இதே மெதுவும் வெடுக்கும்தான்.

அந்த மெதுவான நகர்வுதான் நிஸ்டாக்மஸின் அடையாளம். கண் தன்னை அறியாமல் மெல்ல நழுவ வேண்டும். பிறகு அது தாவித் திரும்பலாம், அல்லது மெதுவாகவே திரும்பி ஊசலாடலாம். விருப்ப ஆட்டத்தில் நழுவலே இல்லை, முழுக்கத் தாவல்தான். வெறும் கண்ணால் இதைப் பிரிப்பது கடினம். 1963இல் டேவிட் ராபின்சன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு வழி சொன்னார். மெல்லிய கம்பிச் சுருள் பதித்த லென்ஸைக் கண்ணில் மாட்டி, அந்த ஆளைக் காந்தப் புலத்துக்குள் உட்காரவைத்தால் கண்ணின் ஒவ்வோர் அசைவும் வரைபடமாக வந்துவிடும். அந்த வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய தாவல்களா, நழுவலும் தாவலுமா என்பது ஒரே பார்வையில் தெரியும். இன்று பல இடங்களில் வீடியோ கேமராவே இந்த வேலையைச் செய்கிறது.

சிலருக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கண் ஆடத் தொடங்கி வாழ்நாள் முழுக்க ஆடும். தோலிலும் முடியிலும் நிறமி குறைந்து பிறந்தவர்களிடம் இது அதிகம். வியப்பு என்னவென்றால், கண் ஓயாமல் ஆடினாலும் இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உலகம் ஆடுவதில்லை. மூளை பழகிவிட்டது. பார்வையை ஒரு குறிப்பிட்ட பக்கம் வைத்தால் ஆட்டம் குறையும் என்பதால், தலையைச் சாய்த்தோ திருப்பியோ போர்டைப் பார்ப்பார்கள். அது தெரியாமல் "நேரா உட்காரு" என்று அதட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தத் திரும்பிய தலையில்தான் பிள்ளைக்கு எழுத்து தெரிகிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்னொரு வகையை நம் ஊர் எல்லையில் சனிக்கிழமை சாயங்காலம் பார்க்கலாம். முள்ளோடை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழையும் பைக்குகளில் சில, பாண்டியின் மலிவு விலையை உள்ளே ஏற்றிக்கொண்டு வருபவை. மது ஏறியவரின் கண், ஓரமாகப் பார்க்கச் சொன்னால் அங்கேயே நிற்க முடியாமல் நடுவை நோக்கி நழுவும், வெடுக்கென்று திரும்பும். அமெரிக்கப் போலீஸ் பேனாவைக் கண் முன்னால் நகர்த்தி இதைச் சோதிப்பார்கள். நம் ஊரில் ஊதச் சொல்வார்கள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டியது குற்றம். கண்ணை ஆட்டத் தெரிந்தவருக்கும் இந்த ஆட்டத்தை நிறுத்தத் தெரியாது என்பதைக் கவனியுங்கள். ஃபெனிட்டாய்ன் போன்ற வலிப்பு மாத்திரைகள் அளவு மீறினாலும் இதே மாதிரி ஓரத்தில் கண் ஆடும்.

விருப்ப ஆட்டம் மருத்துவர்களுக்கு ஏன் முக்கியமானது என்றால், அதை வைத்து நோய் இருப்பதாக நடிக்க முடியும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கண் ஆடும் நோய் ஒன்று பரவலாகச் சொல்லப்பட்டது. மங்கிய விளக்கில் மணிக்கணக்காக வேலை செய்ததைக் காரணமாகக் காட்டினார்கள். அதற்கு இழப்பீடும் கிடைத்தது. உடனே சண்டை தொடங்கியது: எது நோய், எது மனப் பிரச்சினை, எது பாசாங்கு? நடிக்க முடியும் என்பதற்காக உண்மையாகக் கண் ஆடிய ஏழையையும் சந்தேகித்தார்கள். நம் மாவட்டத்திலேயே நெய்வேலியில் நிலக்கரி தோண்டுகிறார்கள். ஆனால் அது திறந்தவெளிச் சுரங்கம், வெயிலுக்குக் குறைவில்லை.

அப்படியானால் எப்போது பயப்பட வேண்டும்? விருப்ப ஆட்டத்தைப் போலவே நிற்றல் இல்லாத தாவல்கள் நோயிலும் வரும். இடவலமாக மட்டும் ஆடினால் ஆக்குலர் ஃப்ளட்டர், எல்லாத் திசையிலும் தாறுமாறாகத் துள்ளினால் ஆப்ஸோக்ளோனஸ். மூளைத்தண்டிலோ சிறுமூளையிலோ அழற்சி வந்தால் இவை வரலாம். சின்னக் குழந்தைகளிடம் ஆப்ஸோக்ளோனஸ் வந்தால் உடம்பில் எங்காவது நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி இருக்கிறதா என்று தேடுவார்கள். அங்கே ஓடுவதும் அதே மோட்டார்தான், சுவிட்ச் மட்டும் யார் கையிலும் இல்லை. சொன்னால் நிற்காது. அரை நிமிடத்தில் களைக்காது. குழந்தை தள்ளாடும், கை கால் வெட்டி இழுக்கும், எரிச்சலாக இருக்கும்.

ஆகவே கடைக்கு வரும் அம்மாக்களிடம் நான் கேட்பதெல்லாம் எளிய கேள்விகள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறானா? டிவி பார்க்கும்போதும் சாப்பிடும்போதும், அவனுக்கே தெரியாமல் ஆடுகிறதா? நடை தடுமாறுகிறதா, தலை சுற்றுகிறதா, ஆட்டாத நேரத்திலும் பொருள் இரண்டாகத் தெரிகிறதா? பெரியவர்களாக இருந்தால், இது புதிதாக வந்ததா? முதல் கேள்விக்கு ஆம், மற்றதற்கெல்லாம் இல்லை என்றால் பவரைப் பார்த்து அனுப்பிவிடுவேன். பையனைத் திட்ட வேண்டாம், திட்டினால் இன்னும் ஆர்வமாகச் செய்வான். பதில் வேறு மாதிரி இருந்தால் கண்ணாடிக் கடையில் நிற்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். கடலூர்க்காரர்களுக்குத் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும், நரம்பு சம்பந்தமாக இருந்தால் கோரிமேட்டில் ஜிப்மரும் பஸ் தூரத்தில்தான். உடம்பு தள்ளாடிக் கண் ஆடினால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

போகும்போது ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் ஆடிய கண் மருத்துவர் முன்னால் சமர்த்தாக நின்றுவிடுவது வழக்கம். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படம்தான் எடுக்கும். நொடிக்கு 20 சுற்று ஆடும் கண்ணுக்கு, ஒரு சுற்றுக்கு ஒன்றரைப் படம்தான் கிடைக்கும், வெறும் கலங்கலாகத் தெரியும். போனில் ஸ்லோ மோஷன் வைத்து நொடிக்கு 120 படம் எடுத்தால் ஒரு சுற்றுக்கு ஆறு படம், 240 எடுத்தால் பன்னிரண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, இரண்டு கண்ணும் சட்டத்துக்குள் வருமாறு, நேராகப் பார்க்கும்போதும் இரண்டு ஓரங்களைப் பார்க்கும்போதும் தனித்தனியாக எடுக்கவும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது போனையே கையில் கொண்டுபோங்கள்.